மூக்கின் தரை, வாயின் கூரை

பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு புகைப்பட நிலையம். அதைக் கடை என்று சொல்லிவிட்டால் போட்டோக்காரருக்குக் கோபம் வந்துவிடும். ஸ்டுடியோ என்றுதான் சொல்ல வேண்டும். முன்னால் ஒரு மேசை, கணினி, படம் அச்செடுக்கும் இயந்திரம். கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் ஒரு முக்காலி, குடை மாதிரி விரிந்த இரண்டு விளக்குகள், வெள்ளைச் சுவர். அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம்.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும்தான் படம் வேண்டும். அதனால் நாள் முழுக்க அவர் வாயில் ஒரே பாட்டு. "நேரா பாருங்க. தோள தளர்த்துங்க. வாய மூடுங்க."

இதில் கொடுமை என்னவென்றால், ஊரையெல்லாம் வாயை மூடச் சொல்கிறவருக்குச் சொந்த வாய் மூடாது. நீண்ட முகம், ஒடுங்கிய கன்னம், உள்ளே வாங்கிய தாடை. உதடுகள் இரண்டையும் அவர் மெனக்கெட்டுச் சேர்த்து வைக்க வேண்டும். கவனம் வேறு பக்கம் போனால் அவை தம் பாட்டுக்குப் பிரிந்துவிடும். பள்ளியில் அவருக்குக் குதிரை என்று பெயர். கணக்கு வாத்தியார் ஒருவர் தாடைக்கு அடியில் பிரம்பை வைத்து நெம்பி, "மூடுடா, ஈ பூந்துடப் போவுது" என்பார். வகுப்பே சிரிக்கும். அந்தப் பையனும் சேர்ந்து சிரித்து வைப்பான். வேறு என்ன செய்ய? பிறகு பெரியவனாகி வேலை தேடியபோது கேமராவுக்குப் பின்னால் நிற்கிற வேலை கிடைத்ததும், இதுதான் நமக்கு என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் நிற்பவனை யாரும் பார்ப்பதில்லை.

கல்யாணப் படத்தில் தன் முகத்தைக் கணினியில் ஒரு விரற்கடை குறைத்து, கன்னத்தைக் கொஞ்சம் உப்பவைத்து, உதட்டை மூடி, சட்டம் போட்டு மாட்டினார். மனைவி அதைச் சாய்ந்து சாய்ந்து பார்த்தாள். "படம் ஜோராதான் இருக்கு. ஆனா என் பக்கத்துல நிக்கிற இந்த ஆளு யாரு? எனக்குத் தெரியாத ஆளோட நான் எதுக்கு நிக்கணும்?" என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். அவள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டு மறந்தும்விடுவாள்.

பிறகு மகள் பிறந்தாள். சிட்டு என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. வளர வளர, பார்த்தவர்கள் எல்லாம், "அப்பாவ அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்றார்கள். நீண்ட முகம், ஒடுங்கிய கன்னம், எப்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கும் வாய். போட்டோக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் கண்ணாடியில் பார்க்கக் கூசிய முகம், இந்தக் குழந்தையிடம் இருக்கும்போது எவ்வளவு அழகாக இருக்கிறது! தன்னைப் போல உலகத்தில் இன்னொருத்தி இருக்கிறாள் என்பது அவருக்குப் பெரிய ஆறுதல். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் சிட்டுவுக்குச் சாப்பாடு ஒரு போராட்டம். மூக்கு வழியாகப் போதிய காற்று வராது. மெல்லவும் வேண்டும், மூச்சும் விட வேண்டும், இரண்டுக்கும் இருப்பது ஒரே வாய். திறந்த வாயோடு சப்புச் சப்பென்று மெல்லுவாள். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்வாள். எல்லோரும் கை கழுவிய பிறகும் அவள் தட்டு பாதியில் இருக்கும். பள்ளியில் மதிய உணவின்போது பிள்ளைகள் அவளுக்கு எதிரே உட்காருவதை நிறுத்திவிட்டார்கள். அவளும் கடைசி பெஞ்சுக்கு நகர்ந்துவிட்டாள். வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்று வேறு புகார். பெஞ்சு மாறியதை அவள் வீட்டில் சொல்லவில்லை; மெல்லுவதையும் தூக்கத்தையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நானும் அப்படித்தான் இருந்தேன்" என்று அப்பா சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது.

சிட்டு நான்காம் வகுப்புக்குப் போன வருஷம் பள்ளி அடையாள அட்டைக்கு அவள் படம் தேவைப்பட்டது. அவரே எடுத்துக் கொடுத்தார். வாய் திறந்திருக்கிறது என்று பள்ளியிலிருந்து படம் திரும்பி வந்துவிட்டது. தொழில் தெரிந்தவருக்கு இதைவிட அவமானம் உண்டா! மகளை மறுபடியும் முக்காலியில் உட்கார வைத்தார்.

"வாய மூடு கண்ணு."

மூடினாள். மூடியதும் முகவாய் எலுமிச்சைத் தோல் போலப் புள்ளி புள்ளியாகச் சுருங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. அவர் கேமராவைச் சரி செய்வதற்குள் மூச்சு முட்டி, "ஹா" என்று திறந்துவிட்டாள். மறுபடி மூடச் சொன்னார். மறுபடி திறந்தாள். கடைசியில் அவர் திறந்த வாயோடே எடுத்து, கணினியில் உதட்டைச் சேர்த்துத் தைத்துவிடலாம் என்று உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு பெண் பாஸ்போர்ட் படத்துக்கு வந்தாள். பக்கத்துத் தெருவில் புதிதாகப் பல் மருத்துவமனை வைத்திருக்கிற டாக்டர். கணினித் திரையில் ஒரே சிறுமியின் முகம் இரண்டு முறை, ஒன்று வாய் திறந்து, ஒன்று பாதி மூடி. டாக்டர் தான் வந்த வேலையை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க இந்தப் பொண்ணு?"

"என் பொண்ணுதான்."

"தூங்கும்போது குறட்டை விடுறாளா? தப்பா எடுத்துக்காதீங்க, கேக்கணும்னு தோணுச்சு."

"எங்க குடும்பத்துல எல்லாரும் விடுவோம்" என்றார் போட்டோக்காரர், விறைப்பாக.

"ஒரு தடவ கூட்டிட்டு வாங்க சார். மேல்வாய் ரொம்பக் குறுகலா இருக்கும்போலத் தெரியுது. இந்த வயசுல பாத்தா சரி பண்ணலாம்."

"என் பொண்ணு வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்லைங்க. நீங்க உள்ள போய் உக்காருங்க. நேரா பாருங்க." அன்றைக்கு அவர் எடுத்த படம் அந்த டாக்டருக்கு அவ்வளவு நன்றாக வரவில்லை.

வீட்டில் இதைக் கோபமாகத்தான் சொன்னார். "வந்தது போட்டோவுக்கு. நம்ம பொண்ணு மூஞ்சில குத்தம் கண்டுபிடிக்குது அந்தப் பொண்ணு!" சொல்லக் கூடாத இடத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மனைவி மறுநாளே விடுப்புப் போட்டுவிட்டு மகளை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். வேறு வழியில்லாமல் இவரும் பின்னால் போனார்.

டாக்டர் முதலில் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் அனுப்பினாள். மூக்குக்குப் பின்னால் சதை பெரிதாக வளர்ந்து அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அங்கே பெரிய அடைப்பு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சிட்டுவின் வாயைத் திறந்து காட்டினாள். மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய் விழுந்திருந்தன. மேலண்ணம் ஒரு குறுகிய சந்து போல உயர்ந்து போயிருந்தது.

"நாக்கு சாதாரணமா மேல ஒட்டிட்டு இருக்கணும். அதோட அழுத்தத்துலதான் அண்ணம் அகலமா வளரும். வாயாலயே மூச்சு விட்டா நாக்கு கீழ இறங்கிடுது. அப்புறம் கன்னம் ரெண்டு பக்கமும் நெருக்க, அண்ணம் இப்படிக் குறுகிடும்." தன் இரு உள்ளங்கைகளையும் கூரை போலச் சேர்த்துக் காட்டினாள். "வாயோட கூரைதான் மூக்கோட தரை. கூரை குறுகினா மூக்குக்குள்ளயும் இடம் கொறையும். மூச்சு வரலேன்னு மறுபடி வாயத் தொறக்கறது. எது மொதல்ல ஆரம்பிச்சுதுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது."

"அப்ப என்ன பண்ணணும்?" என்றாள் மனைவி.

"மேல்தாடை எலும்பு ஒண்ணு இல்லம்மா, ரெண்டு. நடுவுல தையல் போட்ட மாதிரி சேந்திருக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு அந்தத் தையல் இன்னும் இறுகியிருக்காது. நடுவுல ஒரு திருகாணி வச்ச கருவியப் பல்லுல மாட்டி, தெனமும் கொஞ்சம் கொஞ்சமா திருப்பினா எலும்பு விலகும். விலகின இடத்துல புது எலும்பு வளரும்."

போட்டோக்காரர் மகளின் கன்னத்தைப் பார்த்தார். "முகம் மாறிடுமா?" என்றார்.

"வேற முகமா ஆயிடாது சார். பல்லு சேரும், வாய்க்குள்ள இடம் வரும், மூக்குல காத்துக்கு வழி கொஞ்சம் அதிகமாகும். மூச்சு முழுசா சரியாயிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நெறய பிள்ளைங்களுக்கு நல்லாகுது, சிலருக்கு அவ்வளவா ஆகறதில்ல."

மனைவி தலையாட்டினாள். சிட்டுவும் தலையாட்டினாள். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கருவியை மாட்டிய பிறகு சிட்டுவின் பேச்சு குழறியது. எச்சில் ஊறி ஊறி வழிந்தது. சாப்பிட்டால் கம்பியில் சிக்கிக்கொண்டது. 'ச' என்று சொல்லப் போனால் பாதி காற்றாகப் போயிற்று. திருப்புகிற வேலை அப்பாவிடம் வந்தது. சாயங்காலம் பள்ளி விட்டதும் அவள் நேராக ஸ்டுடியோவுக்குத்தான் வருவாள். அம்மாவுக்கு அப்போது வேலை நேரம். வெளிச்சத்துக்கோ அங்கே பஞ்சமில்லை. கைநடுக்கம் என்றால் என்னவென்றே தெரியாத கை அவருடையது. "உங்க கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்று மனைவி நிம்மதியாக விட்டுவிட்டாள்.

முதல் நாள் மகளை முக்காலியில் உட்கார வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, குடை விளக்கைத் தாழ்த்தினார். கைப்பிடி வைத்த மெல்லிய கம்பிச் சாவி. அதைத் திருகாணியின் ஓட்டையில் நுழைத்துத் தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். அடுத்த ஓட்டை கண்ணில் படும்வரை. தள்ளினார். ஓட்டை தெரிந்தது. சிட்டுவின் இரு கண்களிலிருந்தும் பொலபொலவென்று தண்ணீர் இறங்கியது. அவள் சத்தம் போடவில்லை. மூக்குத்தண்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான்.

மறுநாள் அவர் சாவியை நுழைத்தார். அப்படியே வெளியே எடுத்தார். "ஆச்சு கண்ணு" என்றார்.

அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒவ்வொரு நாளும் இன்றைக்குக் கட்டாயம் திருப்பிவிட வேண்டும் என்றுதான் விளக்கைப் போடுவார். வெளிச்சத்தில் அந்த முகம் அண்ணாந்து அவரைப் பார்க்கும். அவருடைய முகம், சின்னதாக. சாவி உள்ளே போகும், வெளியே வரும். "திருப்பினீங்களா?" என்று மனைவி கேட்டால், "ம்" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்ப்பார்.

பரிசோதனைக்குப் போன நாள் டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். "முன் பல்லுக்கு நடுவுல இந்நேரம் இடைவெளி வந்திருக்கணுமே. திருகாணி நகர்ந்த மாதிரியே தெரியலையே. தெனமும் திருப்பினீங்களா?"

போட்டோக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி அவரைப் பார்த்தாள். வீடானால் அந்நேரம் பாத்திரம் பறந்திருக்கும். டாக்டர் முன்னால் மரியாதையாக, "ஏங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்பா சாவி போடுவாங்க. ஆனா திருப்ப மாட்டாங்க" என்றாள் சிட்டு, நாற்காலியில் படுத்தபடியே.

"உனக்குத் தெரியுமா?" அம்மா திகைத்துப் போனாள்.

"மொத நாளு மூக்குல அழுத்துச்சு. அப்புறம் அழுத்தவே இல்ல. தெரியாதா என்ன?"

"அப்ப ஏன்டி சொல்லல?"

"அப்பா பயந்துட்டாங்க. சொன்னா நீ திட்டுவே."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இப்போதும் காலம் கடந்துவிடவில்லை, இன்றிலிருந்து ஒழுங்காக ஆரம்பிக்கலாம் என்று சொல்லி, மறுபடியும் சாவி பிடிக்கும் விதத்தைக் காட்டி அனுப்பினாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. உள்ளே வந்து செருப்பைக் கழற்றியதும் திரும்பி நின்றாள். "நான் ஒவ்வொரு நாளும் நம்பிக் கேட்டேன். நீங்க ஒவ்வொரு நாளும் 'ம்'ன்னீங்க. அவளுக்கு வலிக்குதுன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் திருப்பியிருப்பேன்ல?"

"வலி மட்டும் இல்ல" என்றார். சோபாவில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "என்ன மாதிரி இருக்கறது அவ ஒருத்திதான். அதையும் திருப்பித் திருப்பி மாத்திட்டா..."

அவள் திட்டுவதற்கென்று எடுத்து வைத்திருந்த மூச்சு அப்படியே இறங்கிவிட்டது. சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பைத்தியமா உங்களுக்கு? மூக்கு உங்க மூக்கு. காது உங்க காது. பிடிவாதம் மொத்தமும் உங்களது, எனக்கு ஒரு துளி மிச்சம் வைக்கல. வாய்க்குள்ள யாருக்கும் தெரியாத எடத்துல ஒரு எலும்பு விலகினா அவ உங்க பொண்ணு இல்லேன்னு ஆயிடுமா?"

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளறையிலிருந்து சிட்டு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எதிரே நின்று, குழறலோடு, ஆனால் கோர்வையாகச் சொன்னாள்.

"அப்பா, வலிக்கறதில்லப்பா. அழுத்தும், அவ்வளவுதான். கண்ணுல தண்ணி அதுவா வருது. நீ திருப்பு. எனக்கு எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடணும்."

எல்லோரோடும் உட்கார்ந்து என்றால் என்ன என்று அப்போதுதான் பெற்றவர்கள் இருவருக்கும் தெரிய வந்தது. கடைசி பெஞ்சு, எதிரே ஆளில்லாத இடம், தின்று முடிக்காமலே மணி அடித்துவிடுவது எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். போட்டோக்காரர் மகளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பிரம்பால் நெம்பப்பட்ட ஒரு பையனுக்கு அந்தப் பெஞ்சு நன்றாகத் தெரியும். மகளுக்குத் தன் முகத்தைக் கொடுத்ததாக இத்தனை நாள் பூரித்துப் போயிருந்தோம், கூடவே இதையும் கொடுத்திருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது.

மறுநாள் சாயங்காலம் ஸ்டுடியோவில் விளக்கைத் தாழ்த்தினார். சாவியை நுழைத்தார். தள்ளினார், அடுத்த ஓட்டை தெரியும்வரை. கண்ணில் தண்ணீர் வந்தது. சிட்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவர் திரைக்கு வெளியே வந்து, காத்திருந்த ஆளிடம், "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டார்.

நாட்கள் போகப் போக முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்தது. கோடு சந்தாயிற்று. டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தும் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "ஐயோ, அழகான பல்லு! இப்படிப் பொளந்துக்கிச்சே!" என்று புலம்பினாள். சிட்டுவோ அந்தச் சந்து வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக் கற்றுக்கொண்டு, பள்ளியில் அதற்கென்று ஒரு ரசிகர் கூட்டத்தையே சேர்த்துவிட்டாள். படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தார். "இதுல ஒண்ணும் கை வைக்காதே" என்று மிரட்டிவிட்டுப் போனாள். அவர் வைக்கவில்லை. சந்து வாய் நிறையச் சிரிக்கும் அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து ஸ்டுடியோவின் முன்கண்ணாடியில் ஒட்டினார். தன் சாயலில் ஒரு முகத்தை அவர் கடைத்தெருவுக்குக் காட்டியது அதுதான் முதல் தடவை.

திருப்புவது முடிந்தது. எலும்பு இறுகுவதற்காகக் கருவி பல மாதங்கள் வாயிலேயே இருந்தது. சந்து தானாக மூடிக்கொண்டது. மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு வெளியே வந்து ஒழுங்காக உட்கார்ந்தன. மூச்சு மட்டும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. காற்றுக்கு வழி கிடைத்தாலும் வாய்க்குப் பழைய பழக்கம் விடவில்லை. உதட்டைச் சேர்க்கவும் நாக்கை மேலே ஒட்டவும் டாக்டர் பயிற்சி கொடுத்தாள். சிட்டு பாதி நாள் செய்வாள், பாதி நாள் ஏமாற்றுவாள். சளி பிடித்தால் பழைய கதைதான். "ஒரு பிரயோஜனமும் இல்லையோ?" என்று மனைவியே ஒரு கட்டத்தில் சோர்ந்து போனாள்.

ஒரு விடுமுறை நாள் மதியம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போட்டோக்காரருக்கு எதுவோ குறைவதாகப் பட்டது. விசிறி ஓடுகிறது. வெளியே வண்டிச் சத்தம் கேட்கிறது. என்ன குறைகிறது என்று தெரியாமல் நிமிர்ந்தார். எதிரே சிட்டு வாயை மூடி மென்றுகொண்டிருந்தாள். அவளுக்கே அது தெரியாது. ஏதோ யோசனையில், கன்னம் அசைய, சத்தமில்லாமல் மென்றாள். முகவாயில் சுருக்கமில்லை. அவர் மேசைக்கு அடியில் மனைவியின் காலைத் தட்டினார். அவளும் பார்த்தாள். இருவரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள், ஏதாவது சொன்னால் பறந்துவிடும் என்பது போல.

"என்ன ரெண்டு பேரும் என்னையே பாக்கறீங்க?" என்றாள் சிட்டு. தட்டு காலியாகியிருந்தது. எழுந்து போய் முதலாவதாகக் கை கழுவினாள்.

அவளுடைய முகம்? அதே நீண்ட முகம்தான். கன்னம் கொஞ்சம் நிறைந்திருக்கிறது, சிரித்தால் பற்கள் அகலமாகத் தெரிகின்றன என்று சொல்லலாம். அது எலும்பு விலகியதாலா, பிள்ளை வளர்ந்ததாலா என்று கேட்டால் டாக்டரே, "ரெண்டும் இருக்கும்" என்றுதான் சொன்னாள்.

கடைசிப் பரிசோதனை முடிந்து கிளம்பும்போது போட்டோக்காரர் தயங்கித் தயங்கி, "டாக்டரம்மா, எனக்கு ஏதாவது..." என்று இழுத்தார். அவள் அவரையும் நாற்காலியில் படுக்க வைத்துப் பார்த்தாள். பெரியவர்களுக்கு அந்தத் தையல் இறுகிவிடும், அறுவை செய்துதான் விலக்க முடியும், அது லேசான வேலை இல்லை என்று ஒளிக்காமல் சொன்னாள். "ஆனா மூக்கத் தனியாப் பாக்கலாம். இத்தன வருஷம் யாரும் பாத்ததில்லையா?" யாரும் பார்த்ததில்லை. மூக்கு மருத்துவர் பார்த்தபோது நடுச்சுவர் நன்றாகவே வளைந்திருந்தது. அதை நேராக்கலாம் என்றார்.

அவர் பயந்தார். மனைவியும் மகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அறுவை முடிந்து, மூக்கு வீங்கி, சில நாட்கள் வாயால் மட்டுமே மூச்சு விட்டுக்கொண்டு, உலகத்தையே வெறுத்துப் படுத்திருந்தார். பிறகு ஒரு காலையில் மருத்துவமனையில் மூக்குக்குள் அடைத்து வைத்திருந்த துணித்திரியை எடுத்து, சுத்தம் செய்து, "மெதுவா மூச்ச இழுங்க" என்றார்கள். இழுத்தார். கண்கள் அகல விரிந்தன.

"எப்படி இருக்கு?" என்று மனைவி பதறினாள்.

"குளுருது" என்றார். "உள்ள ஜில்லுன்னு போகுது."

"மொதல்ல அப்படித்தான்ப்பா இருக்கும்" என்றாள் சிட்டு. "பழகிடும்."